பெத்தேன் காட்டில் ஒரு வாரம்: மாயர் நகரங்களைப் பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மாயர் நகரங்கள் பல நாடுகளில் இருக்கும்போது குவாத்தமாலாவின் பெத்தேனுக்கு ஏன் போக வேண்டும்?

மாயர் என்பவர்கள் மத்திய அமெரிக்கக் காடுகளில் கல் நகரங்கள் கட்டிய பழங்குடி மக்கள். அவர்கள் நகரங்களில் மெக்சிகோவின் சிச்சென் இட்சாவுக்குப் போவது சுலபம். கடற்கரை விடுதியில் காலையில் பேருந்து ஏறினால் மாலையில் திரும்பிவிடலாம். ஆனால் அங்கே கட்டடங்களைச் சுற்றி வெட்டிவிட்ட புல்வெளிதான் இருக்கிறது, பிரமிடில் ஏறவும் விடுவதில்லை. குவாத்தமாலாவின் வடகோடி மாநிலமான பெத்தேனில் நகரம் இன்னும் காட்டுக்குள்ளேயே இருக்கிறது. அங்குள்ள திக்கால் என்ற மாயர் நகரத்தைச் சுற்றிய தேசியப் பூங்கா மட்டும் 576 சதுர கிலோமீட்டர். 1955இல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1979இல் யுனெஸ்கோ இதை உலக மரபிடமாகச் சேர்த்தபோது பண்பாடு, இயற்கை இரண்டுக்காகவும் சேர்த்தது. அப்படி இரண்டு கணக்கிலும் இடம்பெற்ற தலங்கள் உலகில் குறைவு. கோயில் உச்சியில் நிற்கும்போது கீழே மரக்கூரை ஆடுவதும், அதற்குள் எங்கோ குரங்கு உறுமுவதும் இங்கேதான் கிடைக்கும்.

குறைந்தது எத்தனை நாள் வேண்டும்?

பெத்தேனில் நான்கு முழு நாள் இல்லாமல் கிளம்ப வேண்டாம். ஏழு நாள் இருந்தால் நிறைவாகப் பார்க்கலாம். காட்டுக்குள் வெகுதூரத்தில் இருக்கும் எல் மிராதோர் என்ற மாயர் நகரத்துக்கு நடைப்பயணமும் வேண்டுமென்றால் பத்து, பதினோரு நாள் ஆகும்.

ஏழு நாளை இப்படிப் பிரிப்போம். முதல் நாள் ஃப்ளோரெஸ் தீவில் இறங்கி ஓய்வு. இரண்டாம் நாள் மதியம் திக்காலுக்குப் போய் பூங்காவுக்குள்ளேயே தங்கி, மாலையில் ஒரு சுற்று. மூன்றாம் நாள் விடியலிலிருந்து மதியம்வரை மறுபடி திக்கால். அன்றே உவாஷக்தூன் கிராமத்துக்குப் போய் அங்கே இரவு. நான்காம் நாள் ஃப்ளோரெஸ் திரும்பி ஓய்வு, துணி துவைப்பு. ஐந்தாம் நாள் ஏரிக்கரை மாயர் நகரமான யாஷா, அதுவும் பிற்பகலில். ஆறாம், ஏழாம் நாள்களில் எல்லை தாண்டி பெலீஸின் சான் இக்னாசியோ. நடுவில் ஓய்வு நாள் எதற்கு என்று பலர் அதை வெட்டிவிடுகிறார்கள். ஈரமும் வெக்கையும் நிறைந்த காட்டில் விடிகாலை எழுந்து நடந்தபின் உடம்பு அந்த ஓய்வைக் கேட்கும்.

எல்லோரும் செய்யும் பெரிய தவறு, தலைநகரிலிருந்தோ பெலீஸிலிருந்தோ ஒரே நாளில் திக்காலைப் பார்த்துவிட்டுத் திரும்ப நினைப்பது. அப்படி வருபவர்கள் பத்து மணிக்கு மேல் உள்ளே நுழைந்து இரண்டு மணிக்கு வெளியேறுவார்கள். விலங்குகள் ஒதுங்கி, வெயில் உச்சியில் நிற்கும் நேரம் அதுதான்.

எந்த மாதத்தில் போகலாம்?

பிப்ரவரியும் மார்ச்சும் சிறந்தவை. மழை குறைவு, பாதை காய்ந்திருக்கும், வெயிலும் தாங்கும். டிசம்பர், ஜனவரியில் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கும் நாள்களில் இரவு நன்றாகவே குளிரும். விடியலில் மூடுபனி அதிகம். ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 டிகிரியை நெருங்கும். சுற்றுவட்டார விவசாயிகள் நிலத்தைக் கொளுத்துவதும் அப்போதுதான். கோயில் உச்சிக்கு ஏறினால் புகைத்திரைதான் தெரியும். இதைப் பயண விளம்பரங்கள் சொல்வதில்லை.

ஜூன் முதல் நவம்பர்வரை மழைக்காலம். திக்காலுக்கு அது தடையல்ல. பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும், காலையில் பார்த்துவிடலாம், கூட்டமும் குறைவு. எல் மிராதோர் மட்டும் அந்த மாதங்களில் வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறோம்.

விசா, விமானம் பற்றி என்ன கவனிக்க வேண்டும்?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விமானச் சீட்டு எடுப்பதற்குமுன் குவாத்தமாலா, பெலீஸ் இரண்டின் தூதரகங்களிடமும் தனித்தனியாக எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். பலர் தடுமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, அமெரிக்கா வழியாக விமானம் மாறினால் விமான நிலையத்தைவிட்டு வெளியே வராவிட்டாலும் அமெரிக்க விசா வேண்டும். இரண்டாவது, பெலீஸுக்குப் போய்விட்டு குவாத்தமாலாவுக்குத் திரும்புவதாக இருந்தால் ஒருமுறை நுழைவு விசா போதாது. குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வதோர், நிக்கராகுவா நான்கும் ஒரே நுழைவு உடன்பாட்டில் இருக்கின்றன. பெலீஸ் அதில் இல்லை.

குவாத்தமாலா நகரிலிருந்து ஃப்ளோரெஸுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம், இரவுப் பேருந்தில் எட்டு முதல் பத்து மணி நேரம். ஃப்ளோரெஸ் என்பது பெத்தேன் இட்சா ஏரிக்குள் இருக்கும் சின்னத் தீவு, பாலத்தில் நடந்தே போகலாம். இதன் பழைய பெயர் நோஹ்பெத்தேன். ஸ்பானியரிடம் கடைசியாக விழுந்த சுதந்திர மாயர் நகரம் இது. விழுந்த ஆண்டு 1697. கொலம்பஸ் வந்து 200 ஆண்டுக்கும் மேல் இந்தக் காடு அவர்களுக்குப் பிடிகொடுக்கவில்லை.

திக்காலுக்குள் தங்குவதா, ஃப்ளோரெஸிலிருந்து போய்வருவதா?

ஒரு இரவாவது உள்ளே தங்குங்கள். ஃப்ளோரெஸிலிருந்து சாலையில் சுமார் 65 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம் ஆகும். பூங்கா வாயிலிலிருந்து இடிபாடுகள்வரை உள்ள 17 கிலோமீட்டரில் 45 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. சாலையை விலங்குகள் கடக்கும். உள்ளே சில விடுதிகளும் கூடாரம் போட இடமும் இருக்கின்றன. மின்சாரம் குறிப்பிட்ட மணி நேரம்தான் வரும். அறையில் குளிர்சாதனத்தையோ வேகமான இணையத்தையோ எதிர்பார்க்காதீர்கள். கேமரா, தலைவிளக்கு எல்லாவற்றுக்கும் மாலையிலேயே சார்ஜ் ஏற்றிவிடுங்கள். குவாத்தமாலாவில் 120 வோல்ட், அமெரிக்கத் தட்டை முள் செருகி. நம் ஊர் செருகி அதில் நுழையாது.

வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் 150 கெட்சால் (குவாத்தமாலா நாணயம்). வழக்கமான நேரம் காலை 6 முதல் மாலை 6 வரை. அதற்குமுன் விடியல் பார்க்கப் போக வேண்டுமென்றால் தனியாக 100 கெட்சால் சீட்டு, உரிமம் பெற்ற வழிகாட்டியும் கட்டாயம். முந்தின நாளே சீட்டை எடுத்துவிடுங்கள். பாஸ்போர்ட்டும் கெட்சால் ரொக்கமும் கையில் இருக்கட்டும். பூங்காவுக்குள் பணம் எடுக்கும் இயந்திரத்தை நம்பிப் போகாதீர்கள்.

விடியல் பயணம் அந்தக் காசுக்கு மதிப்புள்ளதா?

சூரியன் உதிப்பதைப் பார்க்க மட்டும் என்றால், பாதி நாள் ஏமாற்றம்தான். நான்காம் கோயிலின் மேல் உட்கார்ந்தால் எதிரே வெள்ளைப் பனி மட்டுமே தெரியும் காலைகள் நிறைய. கேட்கத் தயாராகப் போகிறவர்களுக்கு அது ஈடில்லாத அனுபவம். நாலரை மணிவாக்கில் ஊளைக்குரங்குகள் தொடங்கும். ஒரு கூட்டம் கத்த, கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருக்கும் இன்னொரு கூட்டம் பதில் கொடுக்கும். முதல்முறை கேட்பவர்கள் புலி என்றே நினைப்பார்கள். பிறகு கிளிகள், அப்புறம் டூக்கன் பறவைகள். பனி மெல்ல இறங்கும்போது முதலாம், இரண்டாம், மூன்றாம் கோயில்களின் கூரைச்சிகரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். கீழே பேசிக்கொண்டே ஏறும் கூட்டம் இதைக் கெடுத்துவிடும். வழிகாட்டியிடம் முன்பே சொல்லிச் சிறு குழுவாகப் போங்கள்.

உள்ளே எந்த வரிசையில் பார்ப்பது?

பெரும்பாலோர் நேராகப் பெருஞ்சதுக்கத்துக்குப் போய்விட்டு மற்றதற்குத் தெம்பில்லாமல் திரும்புவார்கள். வரிசையை மாற்றுங்கள். முதலில் இரட்டைப் பிரமிடு வளாகம், அங்கிருந்து நான்காம் கோயில், பிறகு தெற்கே ‘முந்தோ பெர்திதோ’ எனப்படும் மிகப் பழைய பகுதி, ஏழு கோயில் சதுக்கம், ஐந்தாம் கோயில், கடைசியாகப் பெருஞ்சதுக்கம். மொத்த நடை பத்து கிலோமீட்டர்வரை வரும். ஐந்து முதல் ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் கோயில் சுமார் 65 மீட்டர், கி.பி. 741ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. பெருஞ்சதுக்கத்தில் எதிரெதிரே நிற்கும் முதலாம் கோயில் 47 மீட்டர், இரண்டாம் கோயில் 38 மீட்டர். முதலாம் கோயிலில் ஏற அனுமதியில்லை. அதற்குக் கீழேதான் ஹசாவ் சான் கவீல் என்ற அரசனின் கல்லறை கிடைத்தது. கலக்முல் என்ற எதிரி நகரத்திடம் நூறாண்டுக்கும் மேல் அடங்கிக் கிடந்த திக்காலை, 695இல் அந்நகர மன்னனை வென்று நிமிர வைத்தவன் இவன். இரண்டாம், நான்காம் கோயில்களுக்குப் பக்கவாட்டில் மரப்படிகள் உண்டு. மழை பெய்தபின் அந்தப் படிகள் வழுக்கும். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் கால் தவறும், கைப்பிடியை விடாதீர்கள்.

சப்போட்டா மரத்துக்கும் இந்தக் கோயில்களுக்கும் என்ன தொடர்பு?

நாம் தின்னும் சப்போட்டாவின் சொந்த ஊர் இந்தப் பகுதிதான். இதன் மரம் இரும்புபோல் கடினம், கரையான் எளிதில் அரிக்காது. கோயில் வாசல்களின் மேலே உத்திரமாக மாயர் போட்டது இந்தக் கட்டையைத்தான். 1,200 ஆண்டு கடந்தும் சில உத்திரங்கள் உளுத்துப்போகாமல் இருக்கின்றன. நான்காம் கோயிலின் அரிய சிற்ப உத்திரங்கள் இப்போது சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இருக்கின்றன.

நடைபாதையோரம் சப்போட்டா மரத்தை உற்றுப் பாருங்கள். அடிமரத்தில் மேலிருந்து கீழாக வளைந்து வளைந்து பழைய வெட்டுத் தழும்புகள் இருக்கும். சூயிங்கம் செய்ய இதன் பாலை வடித்த ‘சிக்லேரோ’ தொழிலாளர்களின் கத்திக் கோடுகள் அவை. மழைக்காலத்தில் பால் நன்றாக ஓடும் என்பதால் மாதக்கணக்கில் காட்டுக்குள் கிடந்தார்கள். காட்டுக்குள் கிடந்த இடிபாடுகள் பலவற்றை வெளியுலகுக்குச் சொன்னதும் அவர்களே. உவாஷக்தூன் கிராமமே அப்படி ஒரு சிக்லேரோ முகாமாகத் தொடங்கியதுதான். கிராமத்தின் நடுவே பழைய விமான ஓடுபாதை இன்னும் புல்வெளியாகக் கிடக்கிறது.

அதேபோல் கிளைகளைக் குடையாக விரித்து நிற்கும் பெருமரம் சேய்பா, நம் இலவம்பஞ்சு மரம். மாயருக்கு அது பாதாளம், பூமி, வானம் மூன்றையும் இணைக்கும் மரம். இன்று குவாத்தமாலாவின் தேசிய மரம்.

கல்லில் இருக்கும் தேதியை நாமே படிக்க முடியுமா?

எண்களை முடியும், பத்து நிமிடப் பயிற்சி போதும். புள்ளி என்றால் ஒன்று, பட்டை என்றால் ஐந்து. மூன்று புள்ளியும் இரண்டு பட்டையும் சேர்ந்தால் பதின்மூன்று. எண் மேலிருந்து கீழாக ஐந்து இடங்களில் வரும். மேலே உள்ளது 1,44,000 நாள் கொண்ட பக்தூன், அடுத்து 7,200 நாள் கொண்ட கத்தூன், பிறகு 360 நாளின் தூன், 20 நாளின் வினால், கடைசியில் ஒற்றை நாளாகிய கின். கி.மு. 3114 ஆகஸ்டில் தொடங்கும் கணக்கு இது.

திக்காலில் கிடைத்த 29ஆம் எண் கல்வெட்டுத் தூணில் 8, 12, 14, 8, 15 என்று இருக்கிறது. பெருக்கிக் கூட்டினால் 12,43,615 நாள். அதாவது கி.பி. 292. இதே நகரத்தில் கடைசியாகத் தேதியிட்டு நிறுத்திய கல் 869ஆம் ஆண்டுக்குரியது. இந்த இரண்டு ஆண்டுகளையும் மனதில் வைத்துக்கொண்டு சதுக்கத்தில் நின்றால், இந்த ஊரில் கல் நட்ட காலம், நடுவில் இடைவெளி இருந்தாலும், ஏறக்குறைய 580 ஆண்டு நீண்டது என்பது புரியும்.

ஆறே இல்லாத இடத்தில் இவ்வளவு பெரிய நகரம் எப்படிப் பிழைத்தது?

நாங்கள் மிகவும் விரும்பிப் பதில் சொல்லும் கேள்வி இது. திக்கால் பார்த்துவிட்டு வரும் பலர் இதைக் கவனிக்காமலே வந்துவிடுகிறார்கள்.

பெத்தேன் சுண்ணாம்புக்கல் பூமி. பெய்யும் மழை பாறை இடுக்குகள் வழியே கீழே போய்விடும். கிணறு தோண்டினாலும் எட்டாது. ஆண்டில் பல மாதம் மழை குறைவு. அதனால் மாயர் நகரத்தையே ஒரு நீர்ப்பிடிப்பாகக் கட்டினார்கள். சதுக்கங்களுக்குச் சுண்ணாம்புக் காரை பூசி, கண்ணுக்குத் தெரியாத அளவு சாய்வு கொடுத்து, விழும் மழை முழுவதும் குளத்துக்கு ஓடும்படி செய்தார்கள். குளத்தின் கரையாக அமைந்ததே ஊரின் உயர்சாலை. அதன்மேல் நடந்துகொண்டே இரண்டு பக்கமும் தரைமட்டத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் திடீரென்று பள்ளமாகி மரம் அடர்ந்திருந்தால் அது பெரும்பாலும் பழைய குளம்.

2020இல் வெளியான ஆய்வுகள் இதற்கு இன்னொரு முகத்தைக் காட்டின. நகரின் தென்கிழக்கே உள்ள கொரியென்தால் குளத்தில் குவார்ட்ஸ் மணலும் ஜியோலைட் என்ற கனிமமும் போட்டு நீரை வடிகட்டியிருக்கிறார்கள். அந்தக் கனிமம் அருகில் கிடைப்பதல்ல, வெளியே போய்க் கொண்டுவந்திருக்கிறார்கள். அரண்மனையை ஒட்டிய குளங்களின் வண்டலிலோ பாதரசமும் நச்சுப் பாசியின் தடயங்களும் இருந்தன. கட்டடங்களுக்கும் கல்லறைகளுக்கும் பூசிய சிவப்புச் சாயத்தில் பாதரசம் உண்டு. மழை அதைக் கழுவிக் குளத்தில் சேர்த்திருக்கிறது. அரண்மனைக்காரர்கள் குடித்த தண்ணீர்தான் கெட்டிருந்தது என்பது யோசிக்க வேண்டிய விஷயம். ஒன்பதாம் நூற்றாண்டின் வறட்சியோடு இதையும் சேர்த்துப் பார்த்தால், 869க்குப் பிறகு கல் நடுவது நின்ற காரணங்களில் ஒன்று கைக்கு எட்டும்.

அப்படியென்றால் நாங்கள் எவ்வளவு தண்ணீர் எடுத்துப்போக வேண்டும்?

ஒருவருக்கு ஒரு நாளுக்கு மூன்று லிட்டர், ஏப்ரல், மே என்றால் நான்கு. திக்காலுக்குள் ஆங்காங்கே கடை உண்டென்றாலும் நான்காம் கோயில் பக்கம் போனபின் திறந்திருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. வெறும் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு எல்லாம் அதனால்தான். ஒரு நாளைக்கு இரண்டு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் போட்டுக் குடியுங்கள். குழாய் நீர் எங்கேயும் வேண்டாம். பல் துலக்கவும் புட்டி நீரே நல்லது.

யாஷாவுக்கு ஏன் பிற்பகலில் போகச் சொல்கிறீர்கள்?

216ஆம் எண் கோயிலின் உச்சியிலிருந்து ஏரியின்மேல் சூரியன் மறைவதைப் பார்க்கத்தான். திக்கால் அளவுக்குக் கூட்டம் இல்லை, பல நாள் பத்துப் பேர்தான் இருப்பார்கள். ஃப்ளோரெஸிலிருந்து பெலீஸ் எல்லைக்குப் போகும் சாலையில் பிரிந்து 11 கிலோமீட்டர் மண்பாதையில் போக வேண்டும். மழைக்காலத்தில் சிறு கார் சிக்கிக்கொள்ளும், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி எடுங்கள். ஒரு மணிக்குள் உள்ளே நுழைந்தால் சாவகாசமாகச் சுற்றலாம். இறங்கும்போது இருட்டிவிடும், விளக்கு அவசியம். ஏரி நீலமாக அழைக்கும், ஆனால் இறங்கக் கூடாது. முதலைகள் இருக்கின்றன.

எல் மிராதோர் நடைப்பயணம் எவ்வளவு கடினம்?

மேடு ஏறுவது கிட்டத்தட்ட இல்லை. தூரமும் வெக்கையும் பூச்சியும்தான் கடினம். ஃப்ளோரெஸிலிருந்து கார்மெலிதா கிராமம்வரை கரடுமுரடான சாலையில் மூன்று மணி நேரம். அதற்குமேல் வண்டிப் பாதை கிடையாது. முதல் நாள் சுமார் 20 கிலோமீட்டர் நடந்து எல் தின்தால் முகாம். இரண்டாம் நாள் அதைவிடச் சற்று அதிகம் நடந்து எல் மிராதோர். மூன்றாம் நாள் அங்கேயே சுற்றல். நான்கு, ஐந்தாம் நாள்களில் வந்த வழியே திரும்பல். நக்பே என்ற இன்னொரு பழைய நகரம் வழியாகத் திரும்பினால் ஆறு நாள். வழிகாட்டி இல்லாமல் விட மாட்டார்கள். கார்மெலிதா மக்களின் கூட்டுறவு அமைப்பே வழிகாட்டி, சமையல், கோவேறு கழுதை எல்லாம் ஏற்பாடு செய்கிறது. காசு ஊர்க்காரர் கைக்குப் போவது காட்டைக் காக்கும் வழிகளில் ஒன்று என்பதால் நேராக அங்கேயே பதிவு செய்வதைப் பரிந்துரைக்கிறோம்.

கழுதை சாப்பாடு, தண்ணீர், கூடாரம், உங்கள் பெரிய பை ஆகியவற்றைச் சுமக்கும். உங்கள் முதுகில் ஒரு நாள் தண்ணீர், மழையங்கி, மருந்து, தலைவிளக்கு மட்டும். பையை எடுத்தவுடனே எடை பார்ப்பார்கள், வேண்டாததை ஃப்ளோரெஸ் விடுதியிலேயே விட்டுவிடுங்கள்.

மழைக்காலத்தில் ஏன் கூடாது என்றால், பாதை ‘பாஹோ’ எனப்படும் தாழ்நிலங்களுக்குள் போகிறது. மழையில் அவை முழங்கால் ஆழச் சேறாகும். காலணியை உறிஞ்சி இழுக்கும், ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டர்கூட நகர முடியாது. மார்ச்சில் அதே சேறு கழுதைக் குளம்பு பதிந்தபடியே கல்லாகக் காய்ந்திருக்கும். கணுக்கால் பிசகுவது அங்கேதான். கணுக்காலை மூடும், குறைந்தது 50 கிலோமீட்டர் பழகிய காலணி போடுங்கள். புதுக் காலணியோடு வருபவர்களுக்கு இரண்டாம் நாளே கொப்புளம்.

போய்ச் சேர்ந்ததும் ‘பிரமிடு எங்கே?’ என்று கேட்பீர்கள். நிற்பதே அதன்மேல்தான். லா தாந்தா என்ற அந்தப் பிரமிடு தரையிலிருந்து உச்சிவரை 72 மீட்டர். அதன் கன அளவு 28 லட்சம் கன மீட்டர் என்று கணக்கிடுகிறார்கள். பெரும்பகுதி இன்னும் மரம் மூடிய குன்று. திக்காலின் பெருங்கோயில்களுக்கு 700 ஆண்டுக்கும் முன்பே இந்த நகரம் உச்சத்தில் இருந்து, கி.பி. 150ஐ ஒட்டிக் கைவிடப்பட்டது. கட்டடமெங்கும் பூசச் சுண்ணாம்பு சுட்டுச் சுட்டு மரம் அழிந்து, மண் அரித்துத் தாழ்நிலங்களை மூடியது ஒரு காரணம் என்று அகழ்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

பூச்சி, பாம்பு, விஷ மரம்: எதற்குப் பயப்பட வேண்டும்?

முதலில் பூச்சிக்கு. டெங்கு இங்கே சாதாரணம். மணல்ஈ கடித்தால் ஆறாத புண்ணாக மாறும் லீஷ்மேனியாசிஸும் பெத்தேனில் உண்டு. அது சிக்லேரோக்களின் காதைத் தின்றதால் ‘சிக்லேரோ புண்’ என்றே பெயர். முழுக்கை, முழுக்கால் துணி. கால்சட்டை நுனி காலுறைக்குள். துணிக்குப் பெர்மெத்ரின் தெளிப்பு, தோலுக்கு டீட் அல்லது பிக்காரிடின் கலந்த பூச்சிவிரட்டி. மாலையில் உடம்பை விளக்கடியில் பார்த்து உண்ணி இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் தடவுவது, நெருப்பு வைப்பது வேண்டாம். ஊர் திரும்பிய பிறகு மூன்று வாரத்தில் ஆறாத புண் இருந்தால் மருத்துவரிடம் பெத்தேன் போனதைச் சொல்லுங்கள். மலேரியா மாத்திரை, டைஃபாய்டு, ஹெப்படைட்டிஸ் ஏ தடுப்பூசி பற்றி ஆறு வாரம் முன்னதாகவே கேளுங்கள்.

பாம்பில் முக்கியமானது பார்பா அமரிய்யா, குழிவிரியன் வகை. சருகுக்குள் நிறம் தெரியாமல் கிடக்கும். கட்டை தாண்டும்போது முதலில் அதன்மேல் கால் வைத்து மறுபக்கம் பார்த்து இறங்குங்கள். இரவில் விளக்கில்லாமல் கழிப்பறைக்குக்கூடப் போகாதீர்கள். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். அசையாமல் வைத்து மருத்துவமனைக்குத் தூக்க வேண்டும். மிராதோரில் அதற்கு ஹெலிகாப்டர்தான் வழி. ஆகவே வான்வழி மீட்பு அடங்கிய காப்பீடு இல்லாமல் அந்த நடைக்குப் போகாதீர்கள்.

செச்சேன் என்ற மரம் சேங்கொட்டையின் குடும்பம். பட்டையில் கருத்த கசிவு இருக்கும். பால் பட்டால் இரண்டொரு நாளில் கொப்புளிக்கும். பேலன்சுக்காக எந்த மரத்தையும் பிடிக்காதீர்கள், பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதன் பக்கத்திலேயே அடிக்கடி காணப்படும் சிவந்து தோலுரியும் சக்கா மரப்பட்டையை ஊரார் மருந்தாக வைப்பார்கள்.

என்னென்ன விலங்குகள் கண்ணில் படும்?

ஜாகுவாரை எதிர்பார்த்துப் போக வேண்டாம், ஈரமண்ணில் தடம் பார்த்தாலே அதிர்ஷ்டம். சிலந்திக் குரங்கு, ஊளைக்குரங்கு, நீண்ட மூக்கும் நிமிர்ந்த வாலுமாகக் கூட்டமாகத் திரியும் கோவாட்டி ஆகியவை அநேகமாக உறுதி. குரங்குக்கு நேர் கீழே நிற்காதீர்கள். கிளையும் வரும், மூத்திரமும் வரும். கண்புள்ளி வான்கோழியை மட்டும் தவறவிடாதீர்கள். நீலத் தலை, ஆரஞ்சுப் பருக்கள், செம்பும் பச்சையுமாக மின்னும் இறகு. உலகில் யுக்காத்தான் தீபகற்பத்தையும் அதை ஒட்டிய காட்டையும் தவிர வேறெங்கும் இல்லாத பறவை இது. திக்காலில் புல்வெளியில் கோழிபோல் நடக்கும். எதற்கும் தீனி போடாதீர்கள். பழகிய கோவாட்டி பையைக் கிழிக்கும், கடிக்கும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், கேட்கத் தெரிந்தால். கறுப்பு பீன்ஸ், சோள ரொட்டியான தோர்த்தியா, சோறு, வறுத்த வாழைப்பழம், வெண்ணெய்ப்பழ மசியல், முட்டை எல்லா இடத்திலும் உண்டு. ‘கார்னே இல்லாமல்’ என்று மட்டும் சொன்னால் கோழி போட்டுத் தரலாம். கார்னே என்றால் அங்கே பலருக்கு மாட்டிறைச்சிதான். ‘சின் கார்னே, சின் போய்யோ, சின் பெஸ்காதோ’ என்று இறைச்சி, கோழி, மீன் மூன்றையும் சொல்லுங்கள். பீன்ஸைப் பன்றிக்கொழுப்பில் தாளிப்பது வழக்கம். ‘சின் மாந்தேகா’ என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மிராதோர் போவதென்றால் பதிவு செய்யும்போதே சமையற்காரருக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். ஒரு பொட்டலம் ஊறுகாயும் பருப்புப்பொடியும் ஐந்து நாள் பீன்ஸைத் தாங்க உதவும்.

பெலீஸ் பக்கம் இரண்டு நாளில் எதைப் பார்ப்பது?

ஒரு நாள் ஷுனந்துனிச் என்ற மாயர் நகரம். மோப்பான் ஆற்றைக் கடந்து போகலாம், ஏறக்குறைய 40 மீட்டர் உயர எல் காஸ்திய்யோ பிரமிடில் ஏறலாம். இன்னொரு நாள் அக்துன் துனிச்சில் முக்னால் குகை. காட்டில் நடந்து ஆற்றைக் கடந்து, குகை வாயிலில் நீந்தி உள்ளே போக வேண்டும். உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் அனுமதி. கேமரா, கைபேசி எதுவும் கூடாது. ஒரு பயணியின் கேமரா விழுந்து பழைய மண்டையோடு உடைந்ததால் 2012 முதல் தடை. பானைகளும் எலும்புகளும் வைத்த இடத்தில் வைத்தபடியே சுண்ணப்படிவு மூடிக் கிடக்கின்றன. அங்கே காலணியைக் கழற்றிக் காலுறையோடு நடக்கச் சொல்வார்கள், ஆகவே காலுறை மறக்காதீர்கள். நீச்சல் தெரியாதவர்கள் முன்பே சொன்னால் மிதவைச் சட்டை தருவார்கள். பலத்த மழைக்குப் பிறகு குகையை மூடிவிடுவார்கள். அதனால் இதைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்காமல் ஆறாம் நாளில் வையுங்கள், ஒரு நாள் கைவசம் இருக்கும்.

வயதானவர்கள், குழந்தைகளோடு போகலாமா?

திக்கால், யாஷா, ஷுனந்துனிச் மூன்றுக்கும் தாராளமாக. திக்கால் பாதை அகலமானது, கோயில் ஏறாமலே பாதி நாள் ரசிக்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் நான்காம் கோயிலை விட்டுவிட்டு, பெருஞ்சதுக்கத்தில் வடக்கு அக்ரோபொலிஸ் எனப்படும் கட்டடத் தொகுதியின் நிழலில் உட்காரட்டும். மாலை நான்கு மணிக்குமேல் அங்கே கூட்டம் கரைந்துவிடும், ஊஞ்சல்போல் தொங்கும் கூடுகளுக்கு ஓரோபெந்தோலாப் பறவைகள் திரும்பும். குகைக்குச் சிறு குழந்தைகளை விட மாட்டார்கள். மிராதோருக்கு, ஒரு நாளில் 20 கிலோமீட்டர் நடந்து மறுநாளும் அதையே நடக்க முடிகிறதா என்று ஊரிலேயே வெயிலில் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.